ஜூரிக் காசின் இருபது சதம்

நீதி சொன்னதற்குக் காசு வாங்குவது றெமிஜியஸின் பரம்பரையில் இல்லாத வழக்கம். அவருடைய பாட்டனார் ஊர் வழக்குகளைத் தீர்க்கும் விதானையாராக இருந்த காலத்தில், வழக்கோடு வந்தவர் வீட்டில் ஒரு செம்பு தண்ணீர்கூடக் குடித்ததில்லை. றிச்மண்ட் ஹில்லில் இருந்து எட்டு நாள் தினமும் நீதிமன்றத்துக்குக் கார் ஓடிப்போய் ஜூரியாக இருந்துவிட்டு வந்தவருக்கு, பயணச் செலவென்று நாற்பத்தாறு டொலர் இருபது சதத்துக்கு நீதிமன்றத்திலிருந்து செக் வந்தது. அதை விரல் நுனியால் மேசையில் தள்ளி வைத்தார்.

"ஆர் கேட்டது உந்தக் காசை?"

"நான்தான் போம் நிரப்பினனான், மாமா," என்றாள் மருமகள் கரோலின். "பெற்றோல் காசுதானே. நீங்களும் வாசிக்காமல் கையெழுத்து வைச்சனீங்கள்."

"அருள்நாயகத்தின்ரை காதிலை விழுந்தால் என்ன நடக்கும் தெரியுமோ?"

அருள்நாயகம் அவர்களுடைய மாதா கோயில் திருநாளுக்குப் பொருளாளர். மைக் கிடைத்தால் எவருடைய மானத்தையும் வாங்கக்கூடியவர்.

றெமிஜியஸ் செக்கை மாற்றினார். தன் பணத்தோடு ஒரு சதமும் கலந்துவிடாமல், இரண்டு பத்துச் சத நாணயக் குற்றிகளையும் சேர்த்து, அப்படியே திருநாள் நன்கொடை உறையில் போட்டு ஒட்டினார். குடும்ப மானம் தப்பியது.

திருநாளன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம், வழக்கம்போல அருள்நாயகம் உபகாரிகளின் பெயர்களை மைக்கில் வாசித்தார். நூறு, இருநூறு, நூற்றைம்பது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"றெமிஜியஸ் குடும்பம். நாற்பத்தாறு டொலர்... இருபது சதம்."

மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அண்ணை, அந்த இருபது சதத்துக்கு என்ன செய்யிறது? ஒரு மெழுகுதிரியும் வராதே!"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து றெமிஜியஸ் எழுந்தார். பொய் சொல்வதும் அவர் பரம்பரையில் இல்லை.

"அது ஜூரிக்குப் போனதுக்குக் கோட் தந்த காசு. நீதி சொல்லி வந்த காசை நான் தொடமாட்டன். வந்தபடியே மாதாவுக்குக் குடுத்திட்டன்."

பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். றெமிஜியஸ் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். அருள்நாயகம் மைக்கை விடவில்லை.

"நல்லது அண்ணை. அது அரசாங்கத்தின்ரை உபயம். அப்ப உங்கடை?"

கரண்டிகள் மறுபடியும் நின்றன. றெமிஜியஸ் சட்டைப் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்து, நின்றபடியே ஐந்நூறு என்று எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கரோலின்தான் கார் ஓடினாள். பேவியூ சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்ததும் மெல்லக் கேட்டாள்:

"மாமா, உந்த ஐந்நூறுக்கும் கோட்டிலை ஒரு போம் இருக்குமோ எண்டு பாக்கட்டோ?"

"பச்சை விழுந்திட்டுது. ஓடு," என்றார் றெமிஜியஸ்.

விளக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.