மேலொப்பம்

வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்றிவிட வேண்டும் என்று வெங்கடாசலத்தின் அளத்தில் ஐந்தரை மணிக்கே ஆட்கள் இறங்கியிருந்தார்கள். ஆண்கள் பலகையால் பாத்தியில் கிடந்த உப்பை இழுத்து ஓரத்தில் குவித்தார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு வரப்பின்மேல் நடந்து, ரோட்டோரத்து மேட்டில் கொட்டினார்கள். பச்சையம்மாள் கணவனின் பழைய சாக்ஸைக் காலில் மாட்டி, அதன்மேல் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருந்தாள். அப்படியும் குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கி எரிந்தது.

முன்னால் கூடையோடு போன முத்தம்மாள் திரும்பாமலே கேட்டாள்.

"டீச்சர், எம்பையன் கணக்குல பாஸ் பண்ணிடுவானா?"

"ரிசல்ட்டு வரட்டும்க்கா. அல்ஜீப்ராதான் கொஞ்சம் இடிக்கும் அவனுக்கு."

வரப்பில் எதிரே ஆள் வந்தபோது, டீச்சருக்கு வழி விடு என்றாள் முத்தம்மாள்.

ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி, பி.எஸ்சி. கணிதம் படித்திருந்த பச்சையம்மாளை வைத்துக்கொண்டார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் அவள்தான் கணக்கு. மாதம் எண்ணூறு ரூபாய். மே மாதம் பள்ளிக்கூடம் கிடையாது, சம்பளமும் கிடையாது. அதனால் அந்த ஒரு மாதம் கணவன் கலியனோடு அளத்துக்கு வந்துவிடுவாள்.

பி.எட். இல்லாமல் ஆசிரியர் வேலைக்கு அவள் பெயரைப் பதிய முடியாது. நேரில் போய்ப் படிக்க இரண்டு முறை விண்ணப்பித்தாள். அரசு இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் கேட்ட தொகையைக் கலியன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை.

2004ஆம் வருடம் ஒரு பல்கலைக்கழகம் தபால் வழியில் பி.எட். அறிவித்தது. விண்ணப்பத்தோடு வந்த புத்தகத்தைப் பச்சையம்மாள் வரி வரியாகப் படித்தாள். பட்டப்படிப்பில் ஐம்பது சதவீதம் வேண்டும். அவள் அறுபத்திரண்டு வாங்கியிருந்தாள். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் இரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்க வேண்டும். அவள் மூன்று வருடம் நடத்தியிருந்தாள். அனுபவச் சான்றில் தலைமையாசிரியர் கையெழுத்தும், அதன்கீழ் கல்வி அலுவலரின் மேலொப்பமும் இருக்க வேண்டும். ஜூன் முப்பதுக்குள் போய்ச் சேர வேண்டும். இந்தமுறை தடை எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளி திறந்த அன்றே தலைமையாசிரியர் தட்சணாமூர்த்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் இரண்டு பஸ் மாறி டவுனில் இருந்த கல்வி அலுவலகத்துக்குப் போனாள். சிவப்பிரகாசம் என்ற கிளார்க் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, நியமன ஆணை எங்கே என்று கேட்டார். அப்படி எதுவும் கொடுக்கவில்லை என்றாள். அப்படியானால் பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தீர்மானத்தின் நகல் வேண்டும் என்றார்.

தீர்மான நோட்டு கழகத்தின் முன்னாள் தலைவர் வீட்டில் இருந்தது. அதைத் தேடி வாங்கி நகல் எடுத்துக்கொண்டு போக நான்கு நாளானது. அடுத்து வருகைப் பதிவேடு கேட்டார். மற்ற ஆசிரியர்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டில் அவள் போட்டதில்லை. அவளுக்கென்று தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. அதை எடுத்துக்கொண்டு போன அன்று சிவப்பிரகாசம் லீவு. மறுபடி போனபோது, சாப்பாட்டு நேரம் முடியும்வரை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். உட்கார பெஞ்சு இருந்தது. அதில் பழைய பைல்களைக் கட்டி அடுக்கியிருந்தார்கள்.

மூன்று மணிக்கு சிவப்பிரகாசம் நாற்பது பக்க நோட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, பீரோவிலிருந்து ஒரு பைலை எடுத்துப் பிரித்தார். பள்ளியிலிருந்தே அனுப்பிய கால அட்டவணை. ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்குப் பாடம் அறிவியல் ஆசிரியர் பேரில் இருந்தது. மூன்று வருடமும் அப்படியே.

"உங்க பேரே இதுல இல்லியேம்மா," என்றார்.

அவள் திரும்பி வந்து தலைமையாசிரியரிடம் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. பி.எட். இல்லாத ஆளின் பேரை எழுதி அனுப்பினால், யாரைக் கேட்டு வைத்தாய் என்று என்னைத்தான் கேட்பார்கள், இதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்றார். வேண்டுமானால் அவள்தான் நடத்தினாள் என்று தனியாக ஒரு கடிதம் தருவதாகச் சொன்னார். கொடுக்கவும் செய்தார்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி அந்தக் கடிதத்தோடும், அவள் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் மூன்று வருடத்துக் கணக்கு மதிப்பெண் பட்டியலோடும் போனாள். சிவப்பிரகாசம் பட்டியலைப் பார்த்தார். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத நான் முதல்லயே சொல்லியிருக்கணும். பயிற்சி முடிச்ச டீச்சர் வேல செஞ்சாத்தான் நாங்க அதை அனுபவம்னு எடுத்துக்க முடியும்."

"அந்தப் பயிற்சிக்குத்தான் சார் இந்த அனுபவத்தையே கேக்கறாங்க."

"அது அவங்க ரூல். இது எங்க ரூல்."

"ரெண்டுக்கும் நடுவுல நான் இன்னா சார் பண்றது?"

அவர் அடுத்து நின்றவரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கலியனிடம் சொன்னாள். அவன் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டான். கடைசியில், "அப்ப மூணு வருஷமா காலைல சோத்தக் கட்டிக்கினு நீ எங்கதான் போயிட்டு வந்த?" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் எழுந்து உள்ளே போய் விண்ணப்பத்தை நாலாக மடித்தாள். அப்புறம் மடிப்பைப் பிரித்து, கையால் நீவி, டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. பள்ளிக்கூடத்தில் மூன்று வாரம் குப்பத்து ஜனங்கள் தங்கினார்கள். பொங்கல் கழிந்துதான் பாடம் தொடங்க முடிந்தது. பச்சையம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பத்தாம் வகுப்பை உட்கார வைத்தாள். நாற்பத்தொரு பேர் எழுதியதில் முப்பத்தாறு பேர் கணக்கில் தேறினார்கள். டவுனில் நடந்த கூட்டத்தில் தட்சணாமூர்த்திக்கு ஒரு சால்வை போட்டார்கள். ஜூனில் அவள் மறுபடி அலுவலகத்துக்குப் போனாள். வேறு கிளார்க் இருந்தார். அதையேதான் சொன்னார்.

ஆகஸ்டில் ஒருநாள் தலைமையாசிரியர் ஒரு பெண்ணைப் பத்தாம் வகுப்புக்கு அழைத்து வந்தார். அளத்துக்கார வெங்கடாசலத்தின் மகள் வினோதினி. பொம்மையார்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். போன வருடம் தபால் வழி பி.எட்.டில் சேர்ந்து, இப்போது நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சிக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். கணக்குதான் பாடம். பச்சையம்மாளே கூட இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார் தலைமையாசிரியர்.

முதல் வகுப்பில் வினோதினி பிள்ளைகளைப் பார்க்காமல் கரும்பலகையோடு பேசினாள். மூன்றாவது கணக்கில் குறியை மாற்றிப் போட்டுவிட்டு, விடை வராமல் நின்றாள். பின்பெஞ்சில் சிரித்தார்கள். பச்சையம்மாள் எழுந்து போய் அந்த ஒரு குறியை மட்டும் திருத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போனதும் வினோதினி பக்கத்தில் வந்தாள்.

"நான் எங்கியும் கிளாஸ் எடுத்ததில்லக்கா. அப்பாதான் தெரிஞ்ச ஸ்கூல்ல ரெண்டு வருஷம்னு எழுதி வாங்கினாரு."

"மேலொப்பம்?"

"அதுவும் அந்த ஸ்கூல்லயே வாங்கிக் குடுத்துட்டாங்க. ஒரே நாள்தான் ஆச்சு."

பச்சையம்மாள் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். அழித்து முடித்த இடத்தையே மறுபடி அழித்தாள். பிறகு, நாளைக்கு எடுக்க வேண்டிய பாடத்தை இன்றைக்கே நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

அந்தப் பெண்ணிடம் கோபம் வரும்போதெல்லாம் பச்சையம்மாள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொள்வாள். கெட்டுப் போவது அவர்கள் கணக்குத்தானே. தினமும் சாப்பாட்டு நேரத்தில் வினோதினியை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். பாடக்குறிப்பில் பாதியை அவளே எழுதிக் கொடுத்தாள். முப்பதாவது நாளுக்குமேல் வினோதினி பிள்ளைகளைப் பார்த்துப் பேசினாள். ஒருநாள் முத்தம்மாளின் சின்ன மகளை எழுப்பிக் கேள்வி கேட்டு, பதிலையும் வரவழைத்தாள்.

நாற்பதாவது நாள் தலைமையாசிரியர் பச்சையம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் வினோதினியின் தடித்த ரெக்கார்டு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே வழிகாட்டி ஆசிரியர் கருத்து எழுத வேண்டும்.

"ரிமார்க்ஸ நீயே எழுதிடும்மா. எனக்குக் கணக்குல என்ன தெரியும்? கையெழுத்து நான் போட்டுக்கறேன். பி.எட். முடிச்சவங்கதான் போடணுமாம்."

நோட்டை ஓய்வறைக்கு எடுத்துப் போய் உட்கார்ந்தாள். குறி தவறியதை எழுதினாள். கரும்பலகையைப் பார்த்துப் பேசியதை எழுதினாள். பதினான்காம் பாடத்தில் உதாரணம் நன்றாக இருந்ததையும் எழுதினாள். எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வழிகாட்டி ஆசிரியரின் பெயர், தகுதி என்று அச்சிட்ட கோடு இருந்தது. அதில் 'தட்சணாமூர்த்தி, எம்.ஏ. வரலாறு, பி.எட்.' என்று நாற்பது தடவை தன் குண்டு கையெழுத்தில் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் மை காயட்டும் என்று நோட்டை விரித்தபடியே அவர் மேசைமேல் வைத்துவிட்டு, பத்தாம் வகுப்புக்குப் போனாள்.