சாம்பலாகத் தெரிந்தால் அது நீலம்

1

நான் வாயைத் திறக்காமலே சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்த கதை இது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, யோங்சான் மின்பொருள் சந்தையின் மூன்றாவது மாடியில், ஒரு அக்காளுக்கும் தம்பிக்கும் தவறான மானிட்டரைத் தூக்கிவந்து கொடுத்தேன். தவறு என்று சில நிமிடங்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை.

இவ்வளவுதான். இங்கேயே நிறுத்தியிருந்தால் உங்களுக்கும் நேரம் மிச்சம். ஆனால் இந்த இலையுதிர் காலத்தில் அந்த மானிட்டர் என் கைக்கே திரும்பி வந்துவிட்டது. இந்த வரிகளை அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு விரலால். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடங்கிப் பார்த்தவை:

"வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, செர்ரிப் பூக்கள் உதிர்ந்துகொண்டிரு—"

யோங்சானில் செர்ரிப் பூ ஏது? புறாக்கள்தான் இருந்தன. அடித்துவிட்டேன்.

"ஒரு சுமைதூக்கி இருந்தான். அவன் நல்லவ—"

"நல்லவன்" என்பதை முதலில் அடித்தேன். இரண்டு நாள் கழித்து "அவன்" என்பதையும் அடித்தேன். நான் என்று எழுத இவ்வளவு நாளா என்று வெட்கமாக இருந்தது.

"எவ்வளவுன்னு விசாரிச்சுட்டு வந்தீங்க?"

இது சரி. எங்கள் சந்தையில் எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். நகரும் படிக்கட்டில் கால் வைத்த உடனேயே இருபது கடைகளிலிருந்து இருபது குரல்களில் கேட்கும். உண்மையைச் சொன்னவர்கள் ஏமாந்தார்கள், பொய் சொன்னவர்களும் ஏமாந்தார்கள். அந்தச் சத்தம் இன்று இல்லை. பாதிக் கடைகளில் கதவு இறங்கிவிட்டது. ஏமாற்றுகிற குரலுக்கு மனிதன் ஏங்குவானா என்று கேட்காதீர்கள். நான் ஏங்குகிறேன். மதியத்தில் தகரப்பெட்டியில் கறுப்பு சாஸ் நூடுல்ஸ் வரும். காகிதக் கோப்பையில் காப்பியை நின்றபடியே குடிப்போம். கண்ணாடிக் குழாய் மானிட்டர்கள் இருந்த காலத்தில் ஒன்றைத் தூக்கினால், தூங்கிப்போன குழந்தையை மாடிக்குத் தூக்கிப் போகிற மாதிரி இருக்கும். மெல்லிய திரைகள் வந்தபோது எங்கள் முதுகுகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் விடுமுறை கொண்டாடின.

[வகுப்பில் இதைப் படித்த டீச்சர் இந்த இடத்தில் குறித்தது: "ஹாம் ஐயா, உங்க கதையில எல்லாத்துக்கும் கனம் இருக்கு. எதுக்குமே நிறம் இல்லையே?" டீச்சர், கொஞ்சம் பொறுங்கள். நிறம் வருகிறது.]

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர், என்னைச் சேர்த்து நான்கு.

கூ, கடை முதலாளி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே மாடி ஏற வைப்பார்.

தம்பியின் பெயர் கியூமின். அவன் அக்கா அப்படிக் கூப்பிட்டதால் தெரியும்.

அக்காளின் பெயர் தெரியாது. அவன் "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிட்டான். முதல் வரைவில் அவளுக்கு ஒரு பெயர் வைத்தேன். வைத்த உடனே அவள் மெலிந்து, அழகாகி, எங்கோ ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் பார்த்தவள் அப்படி இல்லை. முழங்கையில் கேமராப் பை மாட்டிய தழும்பு இருந்த பெண். பெயரை எடுத்துவிட்டேன். அக்கா என்றே இருக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இது:

"எவ்வளவுன்னு விசாரிச்சுட்டு வந்தீங்க?" என்றார் கூ.

"விலைய விசாரிக்கல. நிறத்த விசாரிச்சுட்டு வந்தேன்" என்றாள் அக்கா. பையிலிருந்து உள்ளங்கை அளவு பட்டுத்துணி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பச்சை கலந்த மென்மையான நீலம்.

அவள் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பெண்ணின் அம்மா இளஞ்சிவப்பு உடுப்பாள், மாப்பிள்ளையின் அம்மா நீலம் உடுப்பாள். போன மாதம் ஒரு மாப்பிள்ளையின் அம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அவள் நீலம் சாம்பலாகத் தெரிந்திருக்கிறது.

"'எம் மகன் கல்யாணத்துக்கு நான் சாவு வீட்டுத் துணியா கட்டிட்டு வந்தேன்?'னு மண்டபத்துல போய்க் கத்திட்டாங்க. என் பழைய திரையில நல்ல நீலமாத்தான் இருந்துச்சு. மண்டபத்துக்காரர் இன்னும் ஒரே ஒரு கல்யாணம் குடுத்திருக்காரு. நாளைக்கு. அதுவும் கெட்டுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவாரு."

"எனக்கும் ஒரு கஷ்டம் இருக்கு, முதலாளி" என்றான் கியூமின். "அத யாரும் கேக்க மாட்டேங்குறாங்க."

"இவன் கம்ப்யூட்டர்ல சுடற விளையாட்டு விளையாடுவான்" என்றாள் அக்கா.

இருவருக்கும் ஒரே அறை, ஒரே மேஜை. பணம் ஆளுக்குப் பாதி. மானிட்டர் ஒன்றுதான் வாங்க முடியும். அந்தக் காலத்தில் ஒரே மானிட்டர் இரண்டு வேலையும் செய்யாது.* நிறத்தைச் சரியாகக் காட்டுவது நொடிக்கு அறுபது முறைதான் மாறும். வேகமானது நூற்றிருபது முறை மாறும், ஆனால் நிறம் வெளுத்திருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மனித முகம் மீன் வயிறு மாதிரி ஆகிவிடும்.

கூ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவள் கொண்டுவந்த படத்தைப் போட்டார். அவள் துணியை ஒவ்வொரு திரையிலும் ஒட்டிப் பிடித்தாள். ஒன்றில் துணியும் படமும் ஒன்றாகிவிட்டன. மற்றதில் துணி நீலம், படம் சாம்பல்.

"அக்கா, உன் துணி ஓடாது. என் எதிரி ஓடுவான். அறுபதுல நான் அவனப் பாக்கறதுக்குள்ள என்னச் சுட்டுட்டு ஊருக்கே போயிருப்பான்."

"அப்ப செத்துப் போ. கல்யாணத்துக்கு வந்தவங்க யாரும் சாகக் கூடாது."

கூ சிரித்தார். நானும் சிரித்தேன். கியூமின் கொஞ்ச நேரம் வேகமான திரையில் சுட்டியை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"சரி. உன் நீலத்தையே எடுத்துக்க. நான் மெதுவாச் செத்துக்கறேன்."

* இப்போது இரண்டையும் செய்கிற மானிட்டர் வந்துவிட்டது. போன வாரம்கூட நாலு தூக்கினேன். அன்றைக்கே வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. நல்ல பொருள்கள் எப்போதும் கதைக்குப் பிந்தித்தான் வருகின்றன.

4

இந்தப் பகுதியைத்தான் அதிக தடவை அழித்தேன்.

எனக்கு அப்போது எழுத்து தெரியாது. ஒன்பது வருடமாக அந்தக் கடையில் யாருக்கும் அது தெரியாமல் பார்த்துக்கொண்டேன். கிடங்கில் பெட்டிகளை என் கை படிக்கும். நிறம் காட்டுகிற மானிட்டர் கனம். வேகமானது லேசு. ஏன் என்று தெரியாது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அந்த வாரம் வந்த வேகமான மானிட்டருக்கு, கழுத்து ஏறி இறங்குகிற மாதிரி இரும்பில் அகலமான அடித்தட்டு போட்டிருந்தார்கள். பெட்டியில் அது பெரிய எழுத்தில் எழுதியிருந்ததாம். என் கை அதைத் தூக்கிப் பார்த்தது. கனம். இதுதான் என்றது.

மாடிப்படித் திருப்பத்தில் பெட்டியின் மூலை சுவரில் இடித்தது. கூ கத்தினார்: "ஹாம் அண்ணே, பெட்டி தூங்கிருச்சா, இல்ல நீங்க தூங்கிட்டீங்களா?"

வந்தேன். வாங்குகிறவரின் கண்முன்னே டேப்பை வெட்டினேன். அதுதான் வழக்கம். வெட்டின நிமிடத்திலிருந்து பொருள் அவருடையது. வெட்டின டேப் ஒட்டாது என்பது எங்கள் சந்தையின் சட்டம். பெட்டி தவறாக இருந்தால் தூக்கிவந்தவன் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதற்கு முந்தைய மாதம்தான் பக்கத்துக் கடையில் ஒருவன் அப்படிப் போயிருந்தான்.

அடித்தட்டை மாட்டும்போது ஓரத்தில் நகம் அளவு ஒரு நசுங்கல் இருந்தது. சுவரில் இடித்தது. யாரும் கவனிக்கவில்லை.

கூ அடுத்த ஆளிடம் "எவ்வளவுன்னு விசாரிச்சு—" என்று திரும்பிவிட்டார். புள்ளிச் சோதனையை நான்தான் காட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு. ஒளிராத செத்த புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று அக்கா மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. "கடவுளே, ஒண்ணுகூட இல்லை" என்றாள். அவள் சிரித்தது எனக்கு இன்னும்

[இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.]

நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். அங்கிருந்து அந்த வெள்ளை, மஞ்சளாக வாடித் தெரிந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அதே சமயம் கியூமின் சுட்டியைத் தொட்டான். ஒரு வட்டம். நின்றான். இன்னொரு வட்டம். எண்ணெயில் வழுக்குகிற மாதிரி அது ஓடியது. அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

அக்கா கையைப் பைக்குள் விட்டாள். துணியை இன்னொரு தடவை ஒட்டிப் பார்க்கலாம் என்றிருப்பாள்.

"எத்தன தரம்தான் பாப்ப? பஸ் போயிரும், அக்கா" என்றான் கியூமின்.

அவள் கை வெறுமனே வெளியே வந்தது. நான் மானிட்டரைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். ஒன்பது வருடத்தில் அவ்வளவு வேகமாக நான் எதையும் கட்டியதில்லை.

5

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன், தேவைக்கு நாலு மடங்கு.

அதனால் அவள் திரும்பி வந்தாளா, டேப்பைக் காட்டி அவளை அனுப்பிவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை கூ அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டாவது வயதில் எழுத்து வகுப்பில் சேர்ந்தபோது, ஏன் இப்போது என்று டீச்சர் கேட்டார். கடைப் பலகைகளைப் படிக்க என்றேன். அதுவும் பாதிப் பொய்.

6

இப்போது இந்த இலையுதிர் காலம். சந்தைக் கட்டிடத்தைக் காலி செய்கிறார்கள். பழைய பொருள் வாங்குகிற ஒருவருக்காக மானிட்டர்களைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தூக்கியதும் கை நின்றுவிட்டது. மனம் மறந்துபோன கனத்தைக் கை மறக்காது. திருப்பிப் பார்த்தேன். அடித்தட்டின் ஓரத்தில் நகம் அளவு நசுங்கல்.

அந்தத் தட்டின்மேல், ஒட்டுநாடாவின் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஓரங்கள் பழுத்திருந்தன. குனிந்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன்:

மாப்பிள்ளை அம்மா: இங்கே சாம்பலாகத் தெரிந்தால் அது நீலம். தொடாதே. (கியூமின் சொன்னான்.)
பெண்ணின் அம்மா: செங்கல் நிறம் தெரிந்தால் சரியான இளஞ்சிவப்பு.
முகம்: தெரிவதைவிட இரண்டு படி சிவப்பு.
வெள்ளைப் பூ: நேராக உட்கார்ந்து மட்டும் பார்.

இன்னும் இருந்தன. மொத்தம் பதினொரு வரிகள். வேறு வேறு பேனாக்கள், வேறு வேறு வருடங்கள். கடைசி வரிகளில் கையெழுத்து அவசரமாகியிருந்தது. வேலை நிறைய இருந்தவளின் கையெழுத்து அது என்று நினைக்கிறேன். நினைக்க ஆசைப்படுகிறேன்.

டீச்சருக்குக் காட்டினேன். அவர் பதினொரு வரிகளையும் படித்தார். பிறகு "முதல் வரியில தேதி இருக்கா?" என்றார்.

இல்லை.

7

கதைக்கு முடிவு வேண்டும் என்கிறார்கள். கையில் இருப்பவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று. அன்றைக்குப் பேருந்திலேயே கியூமின் வாயைத் திறந்தான். அக்கா அவன் தலையில் ஒரு அடி வைத்தாள். ஞாயிறு இரவு முழுக்கப் பட்டுத்துணியைத் திரையில் ஒட்டி ஒட்டிக் கணக்குக் கண்டுபிடித்தாள். மண்டபம் அவளை விடவில்லை. (டீச்சருக்கு இது பிடித்திருக்கிறது.)

இரண்டு. அவன் ஒரு மாதம் கழித்துச் சொன்னான். அதற்குள் இன்னொரு அம்மாவின் நீலம் கெட்டுவிட்டது. மண்டபம் போனது. முதல் வரி அதற்கப்புறம், வேறு யாருடைய கல்யாணத்துக்கோ எழுதப்பட்டது. (எனக்கு இது பிடிக்கவில்லை. அதனாலேயே இதுதான் நடந்திருக்குமோ என்று பயம்.)

மூன்று. திங்கட்கிழமை அவள் படியேறி வந்து, என்னைத் தேடி—

மூன்றாவதை எழுத எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கு நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

எதுவாக இருந்தாலும், நாங்கள் இரண்டு பேர் பார்த்தோம், இரண்டு பேர் மூடிக்கொண்டோம். அதில் ஒருவன் என்றோ வாயைத் திறந்திருக்கிறான். அடைப்புக்குறிக்குள் அது இருக்கிறது. பதினொரு வரிகளில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது அந்த இரண்டு சொற்களைத்தான்.

8

பழைய பொருள்காரர் இதை எனக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். "இதுல வெள்ளகூட வெள்ளையா இல்லையே, அண்ணே" என்றார். எங்கிருந்து வாங்கினீர்கள் என்று கேட்டேன். மூட்டையாக வந்தது, தெரியாது என்றார்.

பதினோராவது வரிக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. இப்போது எனக்கு எழுதத் தெரியும். பேனாவை மூன்று தடவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். மன்னிப்பு என்று எழுதினால் அது என் காகிதம் ஆகிவிடும். அவளுடையதாகவே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. ஒன்றும் எழுதாமல் விட்டாலோ, பன்னிரண்டு வருடம் கழித்தும் வாயை மூடிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ஒட்டுநாடாவின் ஒரு மூலையைப் பிரித்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது கல்யாண வீடியோ வெட்டினால், அவர் முழங்கையில் கேமராப் பையின் தழும்பு இருந்தால், இந்தப் பக்கங்களை அவரிடம் கொடுங்கள். காலியாக இருக்கும் அந்த வரி அவருடையது. நான் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் இந்த எழுத்துகள் சாம்பலாகத் தெரிகின்றன. அவர் சொன்னபடி நான் எதையும் தொடவில்லை.