ஏககாலத்தில்

அலிப்பூர் கோர்ட்டில் நான் குமாஸ்தா. தீர்ப்பு வாசித்ததும் அதற்கு அர்த்தம் கேட்டுக்கொண்டு யாராவது என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அன்று வந்தவள் பாகீரதி. பவானிபூரில் எங்களுக்கு அடுத்த வீடு.

அவள் புருஷன் மஹாதேவன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கில் வேலை பார்த்தவன். மேலதிகாரியின் கையெழுத்தைத் தானே போட்டான். அதைக் காட்டிச் சரக்கை வெளியே எடுத்தான். சட்டத்துக்கு இது இரண்டு குற்றம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருஷம் என்றார் ஜட்ஜ் துரை. கடைசியில் 'கன்கரண்ட்லி' என்று ஒரு வார்த்தையையும் வாய்க்குள் முணுமுணுத்தார். வக்கீல் மட்டும் தலையாட்டினார்.

"நாலு வருஷமாண்ணா?"

பாகீரதி அழவில்லை. கத்திரிக்காய் விலை கேட்பதுபோல் கேட்டாள்.

"இல்லேம்மா, ரெண்டுதான். ரெண்டு தண்டனையும் ஏககாலத்துல நடக்கும்."

"ஒருத்தர் எப்படிண்ணா ஒரே சமயத்துல ரெண்டு தடவை ஜெயில்ல இருப்பார்?"

இத்தனை வருஷமாக அந்த வார்த்தையை நகலெடுத்திருக்கிறேன். இப்படி யோசித்ததில்லை.

"பங்காளி ஒருத்தர் போய், பத்து நாள் தீட்டு காத்துண்டிருக்கோம். நடுவுல இன்னொரு பங்காளியும் போயிட்டா, மறுபடி முதல்லேர்ந்தா காக்கறோம்? முன்தீட்டோட அதுவும் போயிடறதோல்லியோ? அந்த மாதிரிதான் இதுவும்."

நல்ல உதாரணம் சொல்லிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"தகப்பனார் தீட்டு அப்படிப் போகாதேண்ணா."

"அது எதுக்கு இப்போ?"

"மாமனார் போயிட்டார். இவர் காலம்பர ஆத்துலேர்ந்து கோர்ட்டுக்குக் கிளம்பினப்புறம் மாயவரத்துலேர்ந்து தந்தி வந்தது. தீர்ப்பு ஆகட்டும்னு வாயை மூடிண்டிருந்தேன்."

என் பெருமையைக் கொண்டுபோய் ஹூக்ளி ஆற்றில் போடு. மஹாதேவன் ஒரே பிள்ளை. தகப்பன் போன சேதி காதில் விழுந்த க்ஷணம் ஸ்நானம் செய்தாக வேண்டும். வாசலில் கைதிகளை ஏற்றிப் போகும் குதிரை வண்டி தயாராக நின்றது. உள்ளே போய்விட்டால் எப்போது பார்க்க விடுவார்களோ.

"இன்னிக்கு வேண்டாம்மா. ஒரே நாள்ல ரெண்டு இடி தாங்க மாட்டான். மெள்ள ஜெயிலுக்குச் சொல்லியனுப்பலாம்."

"அங்கே யாரோ சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம். இதுவும் ஏககாலத்துலயே ஆகட்டும். நீங்க சொல்லிடுங்கோ. எனக்கு வாய் வராது."

தாழ்வாரத்தில் அவனை நிறுத்திச் சொன்னேன். அவள் தூண் ஓரமாக நின்றாள்.

மஹாதேவன் பக்கத்திலிருந்த வங்காளிக் கான்ஸ்டபிளிடம், "ஏக்டு ஜல்" என்றான். அந்த மனுஷன் தாகம் என்று நினைத்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

விலங்கு மாட்டிய இரண்டு கைகளாலும் செம்பைத் தூக்கி, மஹாதேவன் தன் தலையில் கவிழ்த்துக்கொள்ளத் தொடங்கினான். கான்ஸ்டபிள் கத்திக்கொண்டு செம்பைப் பிடுங்கினான். காதுவரைகூடத் தண்ணீர் இறங்கவில்லை.

"அண்ணா, இது ஸ்நானம் ஆகுமா?"

"ஆகும்டா" என்றேன். எனக்கு சாஸ்திரம் தெரியாது.