பதிவுக்கும் தாலிக்கும் நடுவில்

ஈப்போ நீதிமன்றத்துக்கு வெளியே, காரிலேயே உட்கார்ந்திருந்தாள் புனிதா. மகள் தினேஸ்வரி மட்டும் உள்ளே போயிருந்தாள். தாலியே ஏறாத பெண்ணுக்கு என்ன விவாகரத்து? பதிவுத் திருமணம் முன்னே, தாலி கட்டும் கோயில் கல்யாணம் பின்னே. இங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான். நடுவில் உள்ள மாதங்களில் பெண் தாய்வீட்டில் இருப்பாள்.

தினேஸ்வரிக்கு அந்த மாதங்கள் நீண்டுவிட்டன. பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அப்பா, கோயில் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனார். ஒரு வருடம் நல்ல காரியம் கூடாது. அவளோடு பதிவு செய்துகொண்ட சுரேன் சித்தியவான் ஊரில் வேலை செய்தான்; அவளைத் தன்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டான். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று புனிதா மறுத்துவிட்டாள். துக்க வருடம் முடிந்தபோது, தேதி குறிக்கச் சொல்லி மகளும் கேட்கவில்லை, சுரேனும் கேட்கவில்லை.

மகள் திரும்பி வந்ததும், பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போகச் சொன்னாள் புனிதா. அவள் பிறந்த ரப்பர்த் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போய், மாரியம்மன் கோயில் மட்டும் நின்றது. அர்ச்சனை புது வரனுக்காக என்பதை அவள் மகளிடம் சொல்லவில்லை.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த செல்லாயி, ஒரு காலத்தில் புனிதாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள்.

"மகளா? இன்னும் கட்டிக் கொடுக்கலையா? இந்த வயசுல நமக்கு மூணு பிள்ளைங்க லா."

இன்னும் இல்லை என்றாள் புனிதா.

"ஆயிருச்சு பெரியம்மா," என்றாள் தினேஸ்வரி. குரலில் கோபம் இல்லை. "இன்னைக்குத்தான் கோர்ட்டுல முடிஞ்சுச்சு."

செல்லாயி துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, விபூதி எடுக்க உள்ளே போனாள்.

காரில் ஏறிய பிறகும் தினேஸ்வரி வண்டியைக் கிளப்பவில்லை.

"அப்பா கையெழுத்து போட்ட அன்னைக்கே எனக்குக் கல்யாணம் ஆயிருச்சும்மா. இல்லேன்னா நான் எதுக்கு இவ்வளவு நாளா அழுதேன்?"

இதே தோட்டத்து லயத்துக்கு, புருஷனோடு சண்டைபோட்டுப் புனிதா ஒருமுறை வந்திருக்கிறாள். பெண்டாட்டி இருக்கவேண்டிய இடம் புருஷன் வீடு என்று அம்மா அன்றைக்கே திருப்பி அனுப்பினாள். இந்த மண்ணில் கேட்டதையெல்லாம் மகளுக்குச் சொல்லி வளர்த்தவள், அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

கார் பெரிய சாலைக்கு வந்தது.

"மாப்பிள்ளை வந்திருந்தாரா?"

இதுவரை அவனை 'அந்தப் பையன்' என்றுதான் சொல்லிவந்தாள். மகள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வந்திருந்தாரு. அத்தை கார்லயா இருக்காங்க, வந்து பேசட்டுமான்னு கேட்டாரு. வேணாம்னு சொல்லிட்டேன்."