ஆம்ஸ்டர்டாமைப் பார்க்காதவன்

"கண்ணாடியக் கழட்டு" என்றாள் லொரெய்ன். "வெயிலே இல்ல."

வேக்ஃபீல்டு தகனக்கூடத்தின் வாசலில் நின்ற ஏட்ரியன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் செருகினான். அறுபதை நெருங்கியும் தலைக்கு மை, கூர்மூக்கு பூட்ஸ். பின்னால் ஒரு புகைப்படக்காரன் வேறு.

"ரெண்டு வார்த்தை பேசட்டுமா, லொரெய்ன்? கார்ல் எனக்குத் தம்பி மாதிரி."

"அவன் உனக்கு மூத்தவன். பேசித் தொலை. கேமராக்காரன் வெளியவே நிக்கட்டும்."

'வெட் மண்டே' இசைக்குழுவைத் தொடங்கியதே அவள் அண்ணன் கார்ல்தான். கசாப்புக்கடை மாடியில் நாலு பையன்கள். ட்ரம்ஸ் வாசித்தது, வேன் ஓட்டியது, குடித்து வாந்தியெடுத்த ஏட்ரியனைத் துடைத்துப் படுக்க வைத்தது எல்லாம் அவன். இரண்டு இசைத்தட்டுகள் வந்தபின் லண்டன் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். போட்டோவில் கார்ல் குண்டாகத் தெரிகிறான் என்றார்கள். பாடகன் ஏட்ரியன் தலையாட்டினான். கார்ல் குழுவைவிட்டு வெளியேற்றப்பட்டான். அதன்பிறகு ஒரே ஒரு பாட்டு ஓடியது. டிவி, திடல் விழாக்கள், போதை, அடிதடி, பிரிவு. இப்போது மறுபடி ஒன்று சேர்ந்து, கடற்கரை விடுதிகளில் தொப்பை விழுந்த ரசிகர்களுக்கு அதே பாட்டு.

தரைவிரிப்புக் கடையில் வேலை பார்த்த கார்ல், அவர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் டிக்கெட் வாங்கிப் போய்க் கேட்டான். சொரணை கெட்டவன் என்று லொரெய்ன் அவன் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறாள்.

ஏட்ரியன் மைக்கைப் பிடித்தான். "ஆம்ஸ்டர்டாம்ல கார்ல் கால்வாய்க்குள்ள விழுந்துட்டான். சொட்டச் சொட்ட அப்படியே மேடையேறி வாசிச்சான். அன்னிக்குத்தான் நாங்க ஒரு குழுன்னே எனக்குப் புரிஞ்சுது."

கூட்டம் சிரித்தது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது கார்ல் இல்ல" என்றாள் லொரெய்ன், உட்கார்ந்தபடியே.

"என்னது?"

"அது அடுத்து வந்த ட்ரம்மர். கார்ல் ஆம்ஸ்டர்டாமப் பாத்ததே இல்ல. அதுக்குள்ள அவன வீட்டுக்கு அனுப்பிட்டீங்க."

யாரோ இருமினார்கள். ஏட்ரியன் சவப்பெட்டியைப் பார்த்தான், அது ஏதாவது எடுத்துக் கொடுக்கும் என்பதுபோல.

"எப்படியோ... அந்த மாதிரி ஆளுதான் கார்ல்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். சவப்பெட்டியை மறைத்துத் திரை மூடியது.

தகனம் முடிந்து எல்லோரும் கூடிய மதுக்கூடத்தில், குழுவில் பேஸ் கிதார் வாசிக்கும் மார்ட்டின் சாண்ட்விச் தட்டோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அங்க வச்சு அதச் சொல்லியிருக்க வேணாம்."

"வேற எங்க சொல்றது? அடுத்த சாவுலயா?"

"கார்ல் கேட்டிருந்தா சிரிச்சிருப்பான்."

"தெரியும். அதான் எரிச்சல்."

கார்லின் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தாள். கொல்லைக்கொடியில் அவன் சட்டைகள் தொங்கின. மாரடைப்பு வந்த அன்று காலையில் அவனே காயப்போட்டவை. அதன்பிறகு பெய்த மழையெல்லாம் அவற்றின் மேல்தான். எல்லாவற்றையும் எடுத்துவந்து இயந்திரத்தில் போட்டு, சோப்புத்தூள் கொட்டி, விசையைத் தட்டினாள். அது தடதடவென்று சுற்றத் தொடங்கியது. கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.