ஐந்தாம் மாடியிலிருந்து கீழே

லிஃப்ட் நின்று நாற்பத்தொரு நாளாகியிருந்தது. ஐந்தாம் மாடியில் குடியிருந்த தார்ப்பாய்க்காரி ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருந்தாள். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது அவள் தொழில். அதனால் வந்த பெயர்.

அவள் கணவர் லாரி டிரைவராக இருந்தவர். சர்க்கரை நோய் முதலில் வலது காலை முழங்காலோடு வாங்கியது, பிறகு இரண்டு சிறுநீரகத்தையும். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். லிஃப்ட் நின்றதிலிருந்து அவள் தம்பிதான் அவரை முதுகில் சுமந்து தொண்ணூறு படி இறங்கினான், ஏறினான். போன வாரம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் வழுக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது அவனே படுக்கையில்.

திங்கட்கிழமை முறை தவறிப்போயிற்று. செவ்வாய் மாலைக்குள் அவருடைய ஒற்றைக் கால் வீங்கிப் பளபளத்தது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்.

அவள் அன்று முழுவதும் தையல் மெஷினை விட்டு எழவில்லை. கெட்டியான தார்ப்பாயை இரட்டையாக மடித்து, ஆள் சாய்ந்து உட்காரும்படி முதுகுப் பக்கம் உயர்த்தி, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கைப்பிடி வைத்துத் தைத்தாள். நான்கு தண்ணீர்க் கேனை அதில் ஏற்றி வீடு முழுக்க இழுத்துப் பார்த்தாள். ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

“நான் ஏத்தாத சரக்கு கிடையாது. இப்ப நானே சரக்கு ஆயிட்டேன்,” என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

மாலையில் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் குடியிருப்போர் கூட்டம். லிஃப்டுக்கு ஒரு பாகம் வர வேண்டும், எப்போது வரும் என்று தெரியாது என்பதையே செயலாளர் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிச் சொன்னார். அவள் எழுந்தாள். கையிலிருந்த தார்ப்பாயை விரித்துக் காட்டினாள்.

“நாப்பது வீடு இருக்கோம் சார். ஆறு பேர் பிடிச்சா பத்து நிமிஷத்துல இறக்கிடலாம். வீட்டுக்கு ஒரு ஆள், வாரத்துக்கு ஒரு தடவை முறை வரும். அவ்ளோதான் கேக்கறேன்.”

“ஏம்மா, வழியில ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?” என்றார் செயலாளர்.

“தூக்காம விட்டு ஏதாவது ஆச்சுன்னா அதுக்கு யாரு சார் பொறுப்பு?”

ஒரு காகிதம் கைமாறியது. பதினோரு ஆண்கள் பெயர் எழுதினார்கள். செயலாளர் அதை அடுத்தவரிடம் தள்ளிவிட்டு, “கம்பெனிக்கு இன்னொரு லெட்டர் போடுவோம்,” என்றார்.

புதன் காலை ஏழு மணிக்கு ஆறு பேர் வர வேண்டும். வந்தது ஒருவர், பேங்க் வாட்ச்மேன். ஒருவருக்கு அவசர மீட்டிங்காம், போனில் சொன்னார். இன்னொருவர் வீட்டில் பூட்டு. மற்றவர்கள் போனை எடுக்கவே இல்லை. ஏழே கால் ஆயிற்று. எட்டரைக்குள் போகாவிட்டால் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும்.

“விடு. நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்றார் கணவர்.

“நாளைக்கு நீங்க இருக்கணும்ல!”

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு நேரம் இல்லை. தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரைப் படியில் உட்காரவைத்து, ஒவ்வொரு படியாக நகர்த்தத் தொடங்கினாள். வாட்ச்மேன் பின்னாலிருந்து அக்குளில் பிடித்துக்கொண்டார். அவள் முன்னால் வீங்கிய காலைத் தாங்கினாள். ஒரு படி. மூச்சு. இன்னொரு படி. மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் அவர் உதடு கறுத்துவிட்டது. தலை சாய்ந்தது.

வாழ்நாளில் குரலை உயர்த்திப் பேசாதவள், அவர் மடியிலிருந்த ஊன்றுகோலைப் பிடுங்கிப் படிக்கட்டின் இரும்புக் கம்பியில் அடித்தாள். மறுபடி மறுபடி அடித்தாள்.

“ஆள் போயிடும்! யாராவது வாங்களேன்! கையெழுத்துப் போட்டீங்களே, வாங்களேன்!”

கதவுகள் திறந்தன. முதலில் வந்தது மூன்றாம் மாடி டீச்சர், பாதி பின்னிய தலையோடு. அவர் பின்னால் அவருடைய நாத்தனார். கீழே துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் படி பெருக்கும் அம்மா ஓடிவந்தார். எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி மாவுக் கையோடு வந்தாள். தார்ப்பாயை விரித்து அவரை அதில் உட்காரவைத்தார்கள்.

“எங்ககிட்ட ஏன் கேக்கல?” என்றார் டீச்சர், கைப்பிடியைப் பிடித்தபடியே. “பேப்பர் எங்க வீட்டு ஆம்பளைங்ககிட்ட மட்டும்தானே போச்சு.”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த யோசனை தனக்கே தோன்றவில்லையே என்று நினைத்தாள்.

ஐந்து பெண்களும் வாட்ச்மேனும் சேர்ந்து தூக்கினார்கள். திருப்பங்களில் டீச்சர் வகுப்பில் சொல்வதுபோல் ஒன்று, இரண்டு என்று சொன்னார். கைகள் வெளிறின. யாரும் விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி எட்டே முக்கால். படுக்கை போய்விட்டிருந்தது. அவரை அவசரப் பிரிவில் ஆக்சிஜனோடு வைத்தார்கள். மத்தியானம்தான் மெஷின் கிடைத்தது. இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் நர்ஸ். வராந்தாவில் உட்கார்ந்து அப்போதுதான் அவள் அழுதாள். மாவுக் கைக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

புதுக் காகிதத்தை, செயலாளர் வீட்டை மட்டும் விட்டு, அவளே வீடு வீடாகக் கொண்டுபோனாள். கதவு திறந்தவர் ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை. இருபத்துமூன்று பெயர் சேர்ந்தது. ஆனாலும் எல்லா நாளும் ஆறு பேர் வந்துவிடவில்லை. ஒருநாள் ஐந்து பேர், ஒருநாள் மூன்று. அடுத்த வாரத்தில் டயாலிசிஸ் முறை ஒன்று தவறி, விடியும்வரை அவர் மூச்சுக்குத் தவித்ததும் நடந்தது. லிஃப்டுக்கு வர வேண்டிய பாகம் வரவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை, மறுபடி ஒரு ஆள் குறைந்தது. தட்டாத கதவு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். நாலாம் மாடிக்கு இறங்கிச் செயலாளர் வீட்டு மணியை அடித்தாள். அவர் மனைவி திறந்தார். உள்ளேயிருந்து, “யாரு?” என்று செயலாளர் குரல் கேட்டது.

அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டி வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

“நான் எந்தப் பக்கம் பிடிக்கணும்?”