மூன்றாவது கிட்னி

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் புளுகு. நானோ கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற அரசு ஊழியன். ஒரு கிராம் கூடினாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்களுக்குள் எப்படி ஒத்துப்போகும்?

இரண்டு வருடத்துக்கு முன்பு, கள்ளத் தராசுக்காரன் ஒருவனைத் துரத்திக்கொண்டு நான் ஓடும் ரயிலில் தாவியதாக என் மேலதிகாரியிடமே அளந்துவிட்டார். அந்தப் புண்ணியவானும் நம்பி, என் பெயரை விருதுக்கு அனுப்பிவிட்டார். எந்த ரயில் என்று மேலிடத்தில் கேட்டபோது நான் அசடு வழிந்தேன். அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்தினேன்.

போன வாரம் அப்பாவுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் என்று தகவல் வந்தது. எவ்வளவு கோபமிருந்தாலும் அப்பன் அப்பன்தானே, போனேன்.

நர்ஸ் படிவத்தோடு வந்தார். "முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா? எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு தடவை மயக்க ஊசி போட்டாங்கம்மா. பதினோரு நாள் எந்திரிக்கவே இல்ல. சவப்பெட்டியே வந்துடுச்சு. நீளம் பத்தலையேன்னு நான்தான் எழுந்து சத்தம் போட்டேன்."

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதையெல்லாம் எழுதாதீங்க சிஸ்டர். எதுவும் இல்லைன்னு போடுங்க" என்று சொல்லி, கையெழுத்தையும் நானே போட்டேன். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், தள்ளுவண்டியில் படுத்தபடியே என் சட்டையைப் பிடித்தார்.

"டேய், அந்த ஊசி நிஜமாவே எனக்கு ஒத்துக்காதுடா. உங்கம்மாவைக் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டாங்க. மூச்சு நின்னுபோச்சு."

"எத்தனை நாளைக்கு?" என்றேன் நக்கலாக.

"தெரியலடா. ஞாபகம் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த முப்பத்தாறு வயதுவரை, 'ஞாபகம் இல்ல' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நடக்காத சமாச்சாரத்துக்கே மணி, நிமிடம் சொல்கிற மனிதர். இந்தக் கதையில் வழக்கமாக வரும் அமைச்சர் இல்லை, ஒரு முதலைகூட இல்லை. செத்துப்போய்விடுவாரோ என்று பயந்துவிட்டேன்.

மயக்க மருந்து டாக்டரை மறித்துச் சொன்னேன். அவர் சிரித்தார். "காலையில இவர் தனக்கு மூணு கிட்னின்னார். ஸ்கேன்ல ரெண்டுதான் இருக்கு. எதுவும் இல்லைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப நான் எதை நம்புறது?"

வேறு வழி தெரியவில்லை. வாயைத் திறந்தேன்.

"நான் பக்கத்துலயே நின்னேன் டாக்டர். ஊசி போட்டு நாப்பதாவது செகண்ட்ல உதடு நீலமாயிடுச்சு. நாலு பேரு மாத்தி மாத்தி நெஞ்சை அமுக்கினாங்க. அதுல ஒருத்தரோட வாட்ச் கழண்டு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு."

வாட்ச் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

டாக்டரின் சிரிப்பு நின்றது. அப்பாவிடம் குனிந்தார். "பையனுக்கு அப்ப என்ன வயசு?"

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு குஷி.

"ஏழு" என்றார். "அந்த வயசுலயே பெரிய மனுஷன் மாதிரி என்னை அதட்டுவான். ஆனா அன்னைக்கு அழுதுகிட்டே நின்னான் டாக்டர். இப்ப நிக்கிறான் பாருங்க, இதே மாதிரி."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். படிவத்தில் 'இல்லை' என்றிருந்ததை அடித்துவிட்டு, வேறு மருந்து எடுத்துவரச் சொன்னார். வண்டி உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்திருந்தது.